ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா? எழுபது கடந்தபின் வெளிநாட்டு வாழ்க்கையும் வழிபாடும்

காவிரிக்கரையார் (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். எனக்கு வயது எழுபத்து மூன்று. கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பிறகு, ஒரே மகள் வற்புறுத்தி அழைத்ததால், பெற்றோர் பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் கனடாவுக்கு வந்து டொரான்டோவுக்கு வடக்கே மார்க்கம் என்னும் நகரத்தில் இருக்கிறேன். இது மூன்றாவது குளிர்காலம். வசதிக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளையோ மருமகனையோ குறை கூற இதை எழுதவில்லை.

என் சங்கடம் வேறு. மாயூரத்தில் பட்டமங்கலத் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மாலை நேரத்தில் மயூரநாதர் கோயிலுக்குப் போய் வந்தவன் நான். ஊரில் என்னைப் பக்திமான் என்றார்கள். நானும் அதை நம்பினேன். இங்கே காலையில் குளித்துத் திருநீறு பூசிப் படத்தின் முன் நின்றால் மனத்தில் ஒன்றுமே எழவில்லை. பதிகம் வாயில் வருகிறது, நெஞ்சு வேறெங்கோ இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், ஊரில் கோயிலுக்குப் போகும் வழியிலேயே பாதி வழிபாடு நடந்து முடிந்திருக்கிறது. பூக்காரம்மாள் கேட்காமலே ஒரு முழம் அளந்து கையில் கொடுத்து, மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பாள். செருப்பை விடும் இடத்தில் ஒரு பழைய நண்பர் இருப்பார். அபயாம்பிகை சந்நிதிக்குள் நுழையும்போது எண்ணெயும் ஈரக்கல்லும் கலந்த ஒரு வாசனை வரும். இவற்றை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது எதுவோ அதுதானே என் பக்தி? மிஞ்சியது பூஜ்யமோ என்று அச்சமாக இருக்கிறது.

வந்த முதல் வாரத்தில் நடந்ததையும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை, சமையலறை மேடையில் தட்டு வைத்துச் சூடம் ஏற்றினேன். மணியை எடுப்பதற்குள் கூடத்துப் புகை அபாயமணி அலறத் தொடங்கிவிட்டது. பேரன் நாற்காலி மேல் ஏறித் துண்டை வீசி விசிற, மருமகன் மாடியிலிருந்து ஓடி வர, மகள் ஜன்னலைத் திறந்ததும் பனிக்காற்று உள்ளே பாய்ந்து தீபமும் அணைந்தது. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்று முதல் சூடம் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன்.

என் வயதில் வெளிநாடு வந்தவர்கள் இதை எப்படிக் கடந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஐயப்பாடு எழுதியது:

ஐயா, நான் கலிபோர்னியாவில் இருக்கும் ஓய்வு பெற்ற பொறியாளன். சுயமரியாதைக் குடும்பத்தில் பிறந்தவன், கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆகவே என் கருத்து உங்களுக்கு ஏற்காமல் போகலாம். நீங்கள் இழந்தது கடவுளை அன்று, தெருவை. பூக்காரம்மாளும் செருப்பு விடும் இடத்து நண்பரும் சமூகம். அதற்குப் பக்தி என்று பெயரிட்டு வைத்திருந்தீர்கள். கோயில் வாசலையே மிதிக்காத நானும் இங்கு வந்த புதிதில் அதே வெறுமையை அனுபவித்தேன். எனக்கு இல்லாமல் போனது ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சு, அவ்வளவே. ஒரு முதியோர் மன்றத்தில் சேருங்கள். நீங்கள் இருக்கும் ஊரின் பெயரே மார்க்கம். வழி கிடைக்காமலா போகும்?

பனந்தோப்பு எழுதியது:

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் சைவநெறிப் பாடம் படிப்பித்தவள். வயது எழுபத்தெட்டு. ஸ்காபரோவில் பிள்ளைகளோடு இருக்கிறேன்.

ஐயப்பாடு தம்பி சொன்னதில் பாதி சரி. ஆனால் தெருவை இழப்பது எப்படி என்று எங்களைக் கேட்க வேண்டும். நீங்கள் விமானச் சீட்டு எடுத்து, பெட்டியை நிறுத்துப் பார்த்து, ஊறுகாய்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்து வந்தீர்கள். நாங்கள் 1995 ஒக்ரோபர் 30 அன்று இரவு, போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே தெருவில் மழைக்குள் தென்மராட்சிப் பகுதி நோக்கி நடந்தபோது, அடுப்பில் வைத்த உலையைக்கூட இறக்காமல் வந்தவர்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்தேன், ஒரு பை மா எடுத்தேன். சாமிப் படம் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த நினைவே வரவில்லை. சைவநெறி படிப்பித்தவளுக்கே அந்த நிலைமை என்றால் பாருங்கள். விடிந்தபோது சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் இருந்தோம். முன்பின் தெரியாத ஒரு கிழவி குழாயடியில் முகம் கழுவி, ஈரக் கையால் நெற்றியைத் தொட்டு, கிழக்கே பார்த்து ஒரு தேவாரத்தை முழுமையாகப் பாடினார். குரல் நன்றாக இல்லை. நீறு இல்லை, பூ இல்லை, விளக்கு இல்லை. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பேசாமல் நின்றோம். கழித்துக் கழித்து மிஞ்சுவது என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? எனக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது.

பூசலார் நாயனாரை எல்லோரும் இந்த இடத்தில் சொல்வார்கள்: மனத்திலேயே கோயில் கட்டினார், ஆகவே உங்களுக்குக் கோயில் வேண்டாம் என்று. படிப்பித்தவள் என்ற முறையில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அவர் சும்மா கண்ணை மூடி உருகிக்கொண்டு இருக்கவில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் தேடினார், தச்சரைத் தேடினார், நாள் பார்த்து அடிநிலை இட்டார், சுதை வேலை செய்தார், மதிலும் குளமும் கிணறும் மறக்கவில்லை, பிறகே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்கு வைத்த நாளும் அதுவே ஆனதால்தான் இறைவன் அவன் கனவில் போய், உன் விழாவைத் தள்ளி வை என்று சொல்ல நேர்ந்தது. வெளியே ஒன்றும் இல்லாதவர் உள்ளே இன்னும் கூடுதலான ஒழுங்கு வைத்துக்கொண்டார் என்றே நான் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். நெஞ்சு உருகவில்லையே என்று வருந்துவதை விட்டுவிட்டு, ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உருகுவதும் உருகாததும் எங்கள் கையில் இல்லை.

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

இந்த இழையில் எழுதும் வயது எனக்கு இல்லை. ஆனால் அப்பாவை இங்கே அழைத்து வந்த ஒரு மகளின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. (காவிரிக்கரையாரின் மகள் நான் அல்லள், எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், நாங்கள் இருப்பது பிராம்ப்டனில்.)

எங்கள் வீட்டிலும் அதே அபாயமணி, அதே துண்டு. அப்பா அதன் பிறகு ஏற்றுவதை நிறுத்திவிட்டார் என்பதையே நான் நான்கு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். கேட்டால், "உங்க வீட்டுல எதுக்கும்மா தொந்தரவு" என்றார். "உங்க வீடு" என்ற அந்தச் சொல் என்னை அறுத்தது. இதில் எங்கள் பிழையும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பெற்றோரைப் பாசத்தோடு அழைக்கிறோம் என்பது உண்மை. குழந்தைகள் காப்பகக் கட்டணத்தை நினைத்து அழைக்கிறோம் என்பதும் பல வீடுகளில் உண்மை. வந்தவருக்கு ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஐபேட் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். விளக்கு எங்கே வைப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் செய்தது மிக எளிய காரியம். சாமி மாடத்தைப் படுக்கையறை அலமாரியிலிருந்து அடுப்புக்குப் பக்கத்து மேடைக்கு மாற்றினோம். அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு அதன் அடியில் ஒற்றைத் திரி நெய் விளக்கு ஏற்றினால் மணி அடிப்பதில்லை. சூடத்தை மிளகளவு கிள்ளி வைத்தால் அதற்கும் அடிப்பதில்லை. சாம்பிராணியை மட்டும் கோடைக்காலத்தில் பின்கட்டுத் திண்ணையில் போடுகிறார். விசிறிச் சத்தத்தில் மந்திரம் கேட்காது என்று முதலில் முணுமுணுத்தார். இப்போது அந்த இரைச்சல் கேட்டால்தான் குழந்தைகள் தாத்தா பூசை தொடங்கிவிட்டார் என்று கீழே வருகிறார்கள்.

தொடுவானம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். காயல்பட்டினத்திலிருந்து அறுபத்தாறு வயதில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு மகனிடம் வந்தவன் நான். மதம் வேறாயினும் கேள்வி ஒன்றே என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வழிபாடு சூரியனோடு கட்டப்பட்டது. ஊரில் சூரியன் அரசாங்க ஊழியர்போல் ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போகும். கிளாஸ்கோவில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கு மேல் மறைந்து, விடியற்காலை நாலரைக்கெல்லாம் உதித்துவிடுகிறது. இடையில் வானம் முழுமையாக இருட்டுவதே இல்லை. செவ்வானம் மறைந்த பின் தொழ வேண்டிய இஷா என்னும் இரவுத் தொழுகையை, செவ்வானமே மறையாத ஊரில் எப்போது தொழுவது? இதற்கு மார்க்க அறிஞர்கள் வெவ்வேறு கணக்குகள் வகுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிவாசல்களில்கூட நேரப் பட்டியல் மாறும். 2016ஆம் ஆண்டு ரமலான் ஜூன் மாதத்தில் வந்தது. ஏறத்தாழ பத்தொன்பது மணி நேர நோன்பு. எனக்கு சர்க்கரை நோய் உண்டு. இயலாத முதியவர் நோன்பை விட்டு, நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுக்கலாம் என்ற சலுகை தெளிவாக இருந்தும், ஏழு வயதிலிருந்து விடாத நோன்பை விடுவதற்கு மனம் ஒப்பவில்லை. மூன்றாம் நாள் மயங்கி விழுந்த பிறகு மருத்துவர் அல்லர், மகன் அல்லன், பள்ளிவாசல் இமாம்தான் என்னைக் கடிந்துகொண்டார்: "சலுகையும் அல்லாஹ் தந்ததுதான், அதை ஏற்காதது பணிவு அல்ல" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. அதுவரை என் உடம்பின் திடத்தையே ஈமான், அதாவது இறைநம்பிக்கை, என்று எண்ணியிருந்தேன். நோன்பு வைக்காத அந்த ரமலானில், மாலைதோறும் பள்ளிவாசலுக்குப் போய், நோன்பு திறப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றினேன். நம் ஊர் நோன்புக் கஞ்சிதான், வெந்தயமும் தேங்காய்ப் பாலும் சேர்த்து. சோமாலியரும் பாகிஸ்தானியரும் இது என்னவென்று கேட்டுக்கொண்டே இரண்டாவது கிண்ணம் வாங்கினார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

விசா பற்றி இருவர் தனிச்செய்தி அனுப்பியுள்ளனர். சுருக்கமாக: கனடாவின் சூப்பர் விசாவில் 2022 ஜூலை முதல் ஒரு முறை நுழைந்தால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். மற்றவற்றைக் குடிவரவுப் பிரிவில் கேளுங்கள். இந்த இழை அதன் பொருளிலேயே தொடரட்டும்.

ஊசிக்கோபுரம் எழுதியது:

நான் பாளையங்கோட்டைக்காரி, மெல்பர்னில் வசிக்கிறேன். 1826இல் கட்டிய ஊசிக்கோபுர ஆலயத்தில் ஞானஸ்நானம், அங்கேயே திருமணம். அந்த மணியோசை எட்டும் தூரத்திலேயே அறுபத்தெட்டு வயது வரை இருந்தேன்.

இங்கே வீட்டுக்கு அருகில் ஆங்கில ஆராதனை நடக்கும் ஆலயம் ஒன்று உண்டு. அன்பானவர்கள். பெரும்பாலோர் என்னைவிட வயதானவர்கள், ஆராதனை முடிந்ததும் தேநீர் கொடுத்துப் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை நான், ஒரு சொல்லும் புரியாமல் இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் என்னால் ஜெபம் வாசிக்க முடிகிறது, ஜெபிக்க முடியவில்லை. பாவ அறிக்கையைச் சொல்லும்போது இலக்கணம் சரியா என்று மனம் பார்க்கிறது. "ஆண்டவரே" என்று தமிழில் தொடங்கினால்தான் தொண்டை அடைக்கிறது. அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவது என்று 137ஆம் சங்கீதத்தில் கேட்டவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்களோ என்னவோ. ஆற்றங்கரை அலரி மரங்களில் கின்னரத்தை மாட்டிவைத்துவிட்டார்கள், உடைத்துப் போடவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, இரவல் மண்டபம் ஒன்றில் தமிழ் ஆராதனை உண்டு. முப்பது பேர் வந்தால் அதிகம். பாமாலையைக் கீபோர்டில் வாசிப்பவன் இங்கே பிறந்த பையன். தமிழ் வாசிக்கத் தெரியாமல் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறான். இந்த ஆண்டு அசனம் என்னும் சபை விருந்தும் வைத்தோம். ஆட்டுக்கறியும் சாம்பாரும் ஊர் ருசிக்கு வரவில்லை என்று எல்லோரும் குறை சொல்லிக்கொண்டே சட்டியைக் காலி செய்தார்கள்.

காவிரிக்கரையார் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐயப்பாடு அவர்களின் பதிலை இரண்டு நாள் மனத்தில் போட்டுப் புரட்டினேன். அவர் சொல்வது சரியென்றால் முதியோர் மன்றத்தில் என் குறை தீர்ந்திருக்க வேண்டும். புதன்தோறும் போகிறேன், சீட்டாடுகிறேன், நண்பர்களும் கிடைத்தார்கள், குறை தீரவில்லை. ஆகவே தெருவைத் தவிரவும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது என்று இப்போதைக்குக் கொள்கிறேன். இது நிரூபணம் ஆகாது என்பது எனக்கும் தெரியும்.

கிளாஸ்கோ அன்பரின் பதில் என்னை வேறொரு வகையில் உறுத்தியது. எனக்கு ஆண் பிள்ளை இல்லாததால் மனைவியின் திதியை நானே செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஊர்த் தினசரி நாட்காட்டியைப் பார்த்தே நாள் குறித்தேன். இங்குள்ள புரோகிதர் ஒருவர், உள்ளூர் நேரத்துக்கு அது ஒரு நாள் முன்னதாக வந்திருக்கும் என்கிறார். அப்படியானால் இரண்டு முறையும் அவளுக்குத் தவறான நாளில் பிண்டம் வைத்தேனா? சிரிப்பாகத் தோன்றலாம், எனக்குத் தூக்கம் போயிற்று.

பஞ்சாங்கக்காரன் எழுதியது:

சிகாகோவிலிருந்து எழுதுகிறேன், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணம் பன்னிரண்டு பாகை விரிவதற்கு ஆகும் காலமே ஒரு திதி. அது தொடங்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. மாறுவது உள்ளூர்க் கடிகாரமும் உள்ளூர்ச் சூரிய உதயமும்தான். டொரான்டோ குளிர்காலத்தில் இந்தியாவுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் ஒன்பதரை. ஓர் ஏகாதசி இந்திய நேரப்படி திங்கள் மாலை நான்கு மணிக்குத் தொடங்கிச் செவ்வாய்ப் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிகிறது என்று கொள்ளுங்கள். மாயூரத்தில் செவ்வாய்க்கிழமை உதயத்தில் ஏகாதசி இருப்பதால் விரதம் செவ்வாய். அதே ஏகாதசி குளிர்கால டொரான்டோவில் திங்கள் காலை ஐந்தரைக்குத் தொடங்கிச் செவ்வாய் விடியுமுன் மூன்றரைக்கு முடிந்துவிடும், ஆகவே இங்கே விரதம் திங்கள். எல்லாத் திதியும் இப்படி மாறாது. சிரார்த்தத்துக்குப் பிற்பகல் வேளையில் திதி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாதலால் அந்தக் கணக்கு சற்று வேறு. உங்கள் இரண்டு ஆண்டுகளையும் பார்த்தால் ஒன்று சரியாகவே இருக்கவும் கூடும். இனி உள்ளூருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள். இணையத்தில் ஊர்ப்பெயர் கொடுத்தால் கிடைக்கும்.

பனந்தோப்பு எழுதியது:

ஐயா, கணக்கு ஆசிரியர் கணக்கைச் சொன்னார். நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவி, நீங்கள் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் சோறு போடாமல் விட்டவவா?

கால்வாய்க்கரை எழுதியது:

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஹம் நகரின் தொழிற்பேட்டைக்குள், 2002 ஜூலையில் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருப்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். கோபுரத்துக்குப் பின்னணியில் தொழிற்சாலைக் கொட்டகைகள் தெரியும். தீர்த்தத் திருவிழாவுக்கு ஆறும் இல்லை, கடலும் இல்லை. சரக்குப் படகு போகும் டாட்டெல்ன் - ஹம் கால்வாயில்தான் அம்பாள் தீர்த்தமாடுகிறாள். முதல் முறை பார்த்தபோது எனக்கு மனம் கூசியது. யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் தீர்த்தமாடியவன் கால்வாய்ப் படியில் இறங்குவதா? இன்று என் தாயார் அந்தத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து வீட்டில் வைத்திருக்கிறார். ஆகஸ்டில் கெவெலார் என்னும் ஊரின் மாதா கோயிலுக்குத் தமிழர் யாத்திரை போகும்போதும் தவறாமல் வருவார். இலங்கையில் மடு மாதாவை வணங்கியவருக்கு அங்கே சைவம், கத்தோலிக்கம் என்ற வேறுபாடு இல்லை.

தண்ணீர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் முதியவர்கள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்குவது இதைத்தான்: இங்கேயே கண்ணை மூடினால் அஸ்தியை என்ன செய்வீர்கள் என்று. கனடாவில் எப்படி?

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இதைக் கேட்டபோது எனக்குப் புரையேறியது. பிறகு விசாரித்தேன். ஒன்டாரியோ மாகாணத்தில், குத்தகைக்கு விடப்படாத அரசு நிலங்களிலும் அவற்றைச் சேர்ந்த நீர்ப்பரப்புகளிலும், பேரேரிகள் உட்பட, அஸ்தி கரைக்க அனுமதி உண்டு. பூமாலை, பிளாஸ்டிக் எதையும் தண்ணீரில் விடாமல் இருந்தால் போதும். சொன்னதும் "அப்ப சரி" என்று மோரை ஊற்றிக்கொண்டார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

காவிரிக்கரையார் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பனந்தோப்பு அம்மையாரின் ஒற்றைக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இயலவில்லை. அன்று இரவு தூங்கினேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கால்வாய்க்கரை அவர்கள் எழுதியதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வந்தது. ஐப்பசி முழுவதும் காவிரித் துலாக் கட்டத்தில் நீராடுவது மாயூரத்தின் பெருமை. மாதக் கடைசி நாளைக் கடைமுகம் என்போம். கால் ஊனமுற்ற ஒருவன் வெகு தொலைவிலிருந்து வந்தானாம். அவன் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் நின்று அவன் அழ, கார்த்திகை முதல் நாள் முழுகினாலும் அதே பலன் என்று இறைவன் அருளினாராம். அந்த நாளுக்கு முடவன் முழுக்கு என்றே பெயர். ஊரில் இருந்தவரை அந்த நாளை நான் பொருட்படுத்தியதில்லை. முப்பது நாளும் முழுகக் காலும் பலமும் இருந்தவனுக்கு அது எதற்கு?

இந்த ஆண்டு கார்த்திகை முதல் தேதி காலை, மகளிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஸ்காபரோ பிளப்ஸ் என்னும் செங்குத்துக் கரைக்குக் கீழே, ஒன்டாரியோ ஏரிக்கரையில் காரை நிறுத்தினாள். காற்று முகத்தை அறுத்தது. முழுகுவதாவது! கையுறையைக் கழற்றி, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூன்று முறை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். மணி ஒன்பது. மாயூரத்தில் மாலை ஏழரை ஆகியிருக்கும், துலாக் கட்டத்தில் கூட்டம் கலைந்திருக்கும். விரல்கள் மரத்துப்போய்க் கையுறைக்குள் நுழைய மறுத்தன. காவிரி இதைவிடப் பெரியதா என்று பேரன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கார் வீட்டை நெருங்கும்போதுதான், இல்லை, ஏரிதான் பெரியது என்று ஒப்புக்கொண்டேன்.

நெஞ்சு உருகியதா என்று கேட்டால், தெரியவில்லை. குளிரில் வேறு எதையும் கவனிக்க முடியவில்லை. சாமி மாடத்தை அடுப்புப் பக்கம் மாற்றியாயிற்று. விசிறி இழுக்கும் வேகத்தில் சுடர் மேல்நோக்கி நீண்டு மெலிந்து எரிகிறது, இதுவரை அணையவில்லை.

பஞ்சாங்கக்காரன் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனைவியின் திதி தை மாதத் தேய்பிறை நவமி. டொரான்டோ நேரத்துக்கு அது எந்த நாளில் வருகிறது என்று பார்த்துச் சொன்னால், புரோகிதரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பேன். மகளும் விடுப்பு எடுக்க வேண்டும் என்கிறாள்.